வாடிய செவ்வரத்தையை மீட்பது எப்படி: கொழும்பு வளவுகளுக்கான முழு வழிகாட்டி

கொழும்பில் செவ்வரத்தை பட்டினியால் சாவது குறைவு. வேர் மூச்சு முட்டிச் சாவதுதான் அதிகம். ஆனால் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை பசளை போடுவது, அடுத்த வேலை இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது. வேர் அழுகிக்கொண்டிருக்கும் கன்றுக்கு இரண்டுமே நஞ்சு.

இதில் ஊர்ப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் வார்த்து வேலியோரச் செவ்வரத்தையை வளர்த்தவர்கள், வெள்ளவத்தைக்கோ தெஹிவளைக்கோ வந்த பிறகும் கை அதே கணக்கில்தான் வார்க்கிறது. கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேயிலும், ஒக்டோபர், நவம்பரிலும் வானமே போதுமானதற்கு மேல் வார்த்துவிடும்.

ஆகவே கீழே சொல்லும் வரிசை முக்கியம். முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு மண், பிறகு வேர், அதன் பின் கத்தரிப்பு, பூச்சி. பசளை கடைசியில்தான்.

உயிர் இருக்கிறதா?

இலை முழுவதும் கொட்டிவிட்டது என்பதற்காகப் பிடுங்கி எறிய வேண்டாம். ஒரு கொப்பின் நுனியில் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்தக் கொப்பு உயிரோடு இருக்கிறது. கபில நிறமாக, காய்ந்து நார் நாராக இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நுனியிலிருந்து சில அங்குலம் கீழே வந்து திரும்பவும் சுரண்டுங்கள். இப்படியே அடித்தண்டுவரை வாருங்கள். நிலத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் பச்சை தெரிந்தால்கூடக் கன்று பிழைக்கலாம். தண்டின் அடியே கறுத்து, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால், அந்த மரத்தை விட்டுவிட்டு, மேலே பச்சையாக இருக்கும் கொப்புகளைத் தடியாக வெட்டிப் பதி வைப்பதே புத்தி.

உண்மையில் மரம் பிழைக்கும் என்று தோன்றினாலும் பதியன் வையுங்கள். பென்சில் பருமனில், நன்கு முற்றாததும் இளசாக இல்லாததுமான கொப்பில் ஆறு அங்குலத் துண்டு நான்கைந்து எடுத்து, கீழ் இலைகளைக் களைந்து, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, ஆற்று மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த சட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், நசநசவென்று இருக்கக் கூடாது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். தாய் மரத்தில் என்ன நடந்தாலும் அந்தப் பூ உங்கள் கையை விட்டுப் போகாது.

இலை சொல்வதைக் கேளுங்கள்

அடியில் ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகி விழுவது எந்தச் செவ்வரத்தையிலும் நடக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், கூடினாலும் தொங்கும். வித்தியாசம் விரலில்தான் தெரியும். சுட்டுவிரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வாளியைக் கீழே வையுங்கள்.

புதிய குருத்திலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. அதே கோலம் பழைய அடியிலைகளில் தெரிந்தால் மக்னீசியம் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் மாறிப்போகும். இலை விளிம்பு மட்டும் கருகினால், கடலோரத்தில் உப்பையும், சட்டிக் கன்றில் அளவு மீறிய பசளையையும் சந்தேகியுங்கள். குருத்து சுருண்டு முறுகி நின்றால் பூச்சி.

மண்ணைப் பார்ப்பது

கொழும்பு மண் ஒரே மண் அல்ல. நுகேகொடை, மகரகமப் பக்கம் தோண்டினால் கபுக் எனும் செம்பூராங்கல் கலந்த சிவந்த மண் வரும். இயல்பில் சற்றுப் புளிப்பானது, செவ்வரத்தைக்குப் பிடித்தது. ஆனால் மிதிபட்டு இறுகினால் தண்ணீர் இறங்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் மணல். அங்கே தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. மூன்றாவது வகைதான் இப்போது எல்லா ஒழுங்கைகளிலும் இருக்கிறது: வீடு கட்டியபோது மிஞ்சிய சீமெந்து, உடைந்த கல், சுண்ணாம்பு எல்லாவற்றையும் போட்டு நிரப்பி, மேலே நான்கு அங்குலம் நல்ல மண் பரப்பிய வளவு. மேலே பார்த்தால் தோட்டம், கீழே கட்டட இடிபாடு.

இரண்டு சோதனை போதும். கன்றிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுவதும் இறங்கியதும் இரண்டாம் தரம் நிரப்பி, மணியைப் பாருங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வற்றினால் நல்லது. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், உங்கள் கன்றின் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

அடுத்தது வினாகிரிச் சோதனை. அரையடி ஆழத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்து, நன்றாகக் காயவைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, இரண்டு கரண்டி வினாகிரி ஊற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். மெல்லிய சீறல் கேட்டு நுரை எழும்பினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குருத்து வெளிறுவது அதனால்தான். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கார மண்ணில் அந்தத் துருவும் கரையாமல் அப்படியே கிடக்கும். கடையில் விற்கும் கிலேட் வகை இரும்பை, அதாவது கார மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பை, போத்தலில் சொன்ன அளவில் கரைத்து விடுங்கள். அதுவும் தற்காலிகம்தான். சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே எடுப்பதே நிரந்தர வைத்தியம்.

இன்னொரு விஷயம். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்து, மரத்தின் கழுத்துவரை சீமெந்து பூசிய வீடுகளில் எந்த மருந்தும் வேலை செய்யாது. தண்டைச் சுற்றிக் குறைந்தது இரண்டடி அகலத்துக்குக் கல்லைக் கிளப்பிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

வேரை மீட்பது

நிலத்தில் நிற்கும் பெரிய மரத்தைக் கிளப்பக் கூடாது. தண்டோடு ஒட்டி மண்ணும் சருகும் குவிந்திருந்தால் அதை விலக்குங்கள். தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் வெளியே தெரிய வேண்டும். பிறகு இலைப்பரப்பின் ஓரத்துக்கு நேர் கீழே, வட்டமாக ஏழெட்டு இடத்தில் அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குத்தித் துளை போட்டு, அவற்றில் உடைத்த செங்கல் துண்டும் நன்கு உக்கிய கொம்போஸ்ட்டும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் இறங்கவும் காற்று போகவும் வழி கிடைக்கும். வளவில் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தால், மரத்திலிருந்து மதிலோரக் காணுக்குச் சரிவாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இறுகிய மண்ணில் மணலை மட்டும் கொட்டிக் கிளறுவது வீண் வேலை, அது இன்னும் இறுகும். மண்ணைத் திறப்பது கொம்போஸ்ட்தான்.

சட்டியில் நிற்கும் கன்றென்றால் தயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். முதல்நாள் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தால் மண்கட்டி உடையாமல் வரும். மூக்கால் முதலில் பாருங்கள். நல்ல வேர்மண் முதல் மழை மணம் மணக்கும், அழுகியது காண் நாற்றம் அடிக்கும். நல்ல வேர் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையில் வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அவற்றை நல்ல இடம் வரும்வரை வெட்டி எறியுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு முறையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் பூசுபவர்கள் உண்டு. பூசினால் கெடுதி இல்லை, ஆனால் கன்றைக் காப்பாற்றப்போவது கறுவா அல்ல, புதிய மண்தான்.

வேர் அழுகவில்லை, ஆனால் சட்டி வடிவிலேயே வட்டமாகச் சுற்றி இறுகியிருக்கிறது என்றால் அதுவும் நோய்தான். நாற்றுமேடைகளில் கறுப்புப் பொலித்தீன் பையில் நெடுநாள் நின்ற கன்றுகளில் இது சாதாரணம். சுற்றிய வேரை மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, விரலால் வெளியே பிரித்துவிடுங்கள்.

புதுக் கலவைக்கு மேல்மண் இரண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, ஆற்று மணலோ நொறுக்கிய செங்கல்லோ ஒரு பங்கு. சிரட்டைக் கரி கிடைத்தால் ஒரு பிடி. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. சட்டியின் அடியில் பொச்சுமட்டை அடுக்குவது வரண்ட இடத்துக்கு நல்ல பழக்கம். மழை அடிக்கும் கொழும்பில் அது ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுகவைக்கும். பழைய சட்டியைவிட இரண்டு அங்குலம் பெரிய சட்டி போதும். வேரை நிறைய வெட்டியிருந்தால் அதே அளவுச் சட்டி. நட்டதும் ஒரு தரம் நன்றாகத் தண்ணீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் வெளிச்சமான நிழலில் வையுங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் வேர் பிடிக்க வேண்டிய பலத்தை அது உறிஞ்சிவிடும்.

சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டைத் தூக்கிப்போடுங்கள். தண்ணீர் தேங்கிய தட்டில் வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்குவரை போகலாம். செங்கல் துண்டு மூன்றை வைத்து அதன் மேல் சட்டியைத் தூக்கி வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

கத்தரிப்பு

செத்த கொப்பை மழை இல்லாத எந்த நாளிலும் வெட்டலாம். பச்சைக் கொப்பைக் குறைப்பதற்குத்தான் காலம் பார்க்க வேண்டும். பின்னேர மழை தொடங்கும் மார்ச் கடைசி, அல்லது ஒக்டோபர் மழைக்கு முந்திய செப்டெம்பர் நல்லது. விடாமல் பெய்யும் மே, ஜூனில் வெட்டினால் வெட்டுவாய் காயாமல் பூஞ்சணம் பிடித்துக் கொப்பு மேலிருந்து கீழாகச் செத்துக்கொண்டு வரும்.

நலிந்த மரத்தை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இலைதான் அதன் அடுப்பு. மூன்றில் ஒரு பங்கை இப்போது, மிச்சத்தை ஆறேழு கிழமை கழித்துத் துளிர் வந்த பிறகு. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். செவ்வரத்தை புதுத்துளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் வெட்டியதும் இரண்டு மூன்று மாதம் பூ இருக்காது. நவராத்திரிக்குப் பூ வேண்டுமென்றால் கத்தரிப்பை ஜூலையில் மழை ஓய்ந்த நாளொன்றில் முடித்துவிடுங்கள்.

வேரை வெட்டிய சட்டிக் கன்றுக்கு இந்தக் காலக் கணக்கு பொருந்தாது. வேர் பாதி போனால் கொப்பும் ஏறக்குறைய பாதி போக வேண்டும், அன்றைக்கே.

பூச்சி

முதல் எதிரி மாவுப்பூச்சி. இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில், மொட்டின் கழுத்தில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். 2008 இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்குள் வந்தபோது கொழும்பு, கம்பஹாப் பக்கத்தில் பப்பாசியோடு செவ்வரத்தையும் சேர்ந்து வெளுத்தது. அடுத்த வருடம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுச் சிறு குளவிதான் அதை அடக்கியது. இன்றும் நம் வளவுகளில் இப்படிப்பட்ட குளவிகளும் பொறிவண்டுகளும் நமக்காக வேலை செய்கின்றன. கடுமையான பூச்சிமருந்தை எடுத்த எடுப்பில் அடித்தால் முதலில் சாவது அவைதான். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கும்.

எனவே கையால் தொடங்குங்கள். அப்பிக்கிடக்கும் நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையோடு அனுப்புங்கள், கொம்போஸ்ட் குவியலில் போட வேண்டாம். மிச்சத்தை ஹோஸ் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். அங்குமிங்குமாக இருப்பதைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். பிறகு ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டியைக் கலந்து, அதில் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டுக் குலுக்கி, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கிழமைக்கு ஒரு தரம், மூன்று தரம். அடித்த இரவே மழை பெய்தால் மறுநாள் திரும்ப அடிக்க வேண்டியதுதான். பகல் வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

எறும்பை மறக்காதீர்கள். மாவுப்பூச்சியும் அழுக்கணவனும் கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், குளவியை அண்டவிடாது. தண்டில் எறும்புச் சாரி ஏறுவது தெரிந்தால், தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன் மேல் கிறீஸ் தடவுங்கள். பட்டையில் நேரே தடவ வேண்டாம். மதிலையோ கொடிக் கம்பியையோ தொடும் கொப்புகளையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாதையால் வரும்.

பெப்ரவரி வெயிலில் இலை மேல் நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள் வந்து அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணி. இலை அடியில் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி மருந்து. இரவில் இலை ஓட்டை ஓட்டையாகப் போனால் டோர்ச்சோடு வெளியே போங்கள், பெரிய ஆபிரிக்க நத்தை அகப்படும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள், அது சுமக்கும் ஒட்டுண்ணி மனிதருக்கு ஆபத்தானது.

பசளை

புதுத்துளிர் இரண்டு விரல் நீளம் வளர்ந்த பிறகுதான் பசளை. அதற்கு முன் எதுவும் வேண்டாம்.

நிலத்து மரத்துக்கு உக்கிய மாட்டெருவோ கொம்போஸ்ட்டோ ஒரு வாளியை, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகப் பரப்பி, மேலே சருகு மூடினால் மூன்று மாதத்துக்குப் போதும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த காலத்தில் கொழும்பிலும் பல வீடுகள் சமையலறைக் கழிவைக் கொம்போஸ்ட் ஆக்கப் பழகின. விவசாயிகளுக்கு அது பேரிடி. வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் ஒரு நல்ல பழக்கம் மிஞ்சியது.

கடையில் வாங்குவதானால் ‘பூப் பூக்கும் பசளை’ என்று எழுதியதை நம்பி எடுக்காமல் பின்பக்கத்து மூன்று எண்களைப் பாருங்கள். நடு எண் பொஸ்பரஸ். செவ்வரத்தைக்கு அது குறைவாக இருக்க வேண்டும். கூடினால் இரும்பை எடுக்கவிடாமல் தடுத்து, இலை இன்னும் வெளிறும். மூன்றாவது எண்ணான பொட்டாசியம் கூடுதலாக இருப்பதைத் தேடுங்கள். சொன்ன அளவில் பாதியைக் கரைத்து, ஈர மண்ணில் மட்டும் விடுங்கள். அடியிலை மஞ்சளுக்கு எப்சம் உப்பு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு தரம். டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளும் மக்னீசியம் தரும், ஆனால் வினாகிரிக்கு நுரைத்த மண்ணில் டொலமைட்டும் அடுப்புச் சாம்பலும் போடவே கூடாது, காரம் ஏறும்.

வெயிலும் கடற்காற்றும்

ஐந்தாறு மணித்தியால வெயில் இல்லாமல் இது பூக்காது. பக்கத்துக் காணியில் எட்டு மாடி எழும்பியதும் பல வருடம் பூத்த மரம் இலை மட்டும் விடுவதைக் கொழும்பில் எங்கும் பார்க்கலாம். அதற்குப் பசளை மருந்தல்ல. பதியன் வைத்துச் சட்டியில் மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள்.

மெரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பை அள்ளி வரும். காற்று பலமாக அடித்து மழை பெய்யாத நாட்களில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கன்றை மதிலுக்கு உட்பக்கம் நகர்த்துவது இன்னும் நல்லது.

மொட்டு விழுந்தால்

மரம் தேறிய பின்னும் மொட்டு விரியாமல் மஞ்சளாகி விழுவதுண்டு. விழுந்த மொட்டொன்றை எடுத்து நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்மஞ்சளில் சிறு புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. புழு மொட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே விழுந்த மொட்டுகளையும், மரத்திலேயே மஞ்சளாக நிற்பவற்றையும் தினமும் பொறுக்கி இறுகக் கட்டிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். இரண்டு மூன்று கிழமை விடாமல் செய்தால் சுற்று அறும். மருந்து அடித்துப் பயனில்லை, புழு மொட்டுக்குள் இருக்கிறது.

பிளந்த மொட்டில் புழு இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். மண்ணை முற்றாகக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகக் குளிப்பாட்டும் பழக்கம் மொட்டை உதிர்க்கும். வெயில் மாதங்களில் நிலத்து மரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் ஆழமாக, மொட்டை மாடிச் சட்டிக்குத் தினமும் காலையில். அடுக்குச் செவ்வரத்தையும் பெரிய பூக் கலப்பினங்களும் இதற்கு அதிகம் கோணும். சாமிக்கு வைக்கும் ஐந்திதழ்ச் சிவப்பு அவ்வளவு கோணாது. முதல் தடவையாகக் கன்று வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள்.